வரம்புக்குள் இருக்கிறது, பிழையில்லை

அச்சகத்தில் என் அப்பாவுக்குப் பெயர் கால்புள்ளி. முப்பத்தொரு வருடமாக அங்கே புரூஃப் பார்க்கிறார். எழுதியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, அப்பா ஒரு கால்புள்ளியாவது வைக்காமல் அவர் பக்கத்தை விடமாட்டார். வீட்டிலும் அதே கதைதான். கடைச் சீட்டில் அம்மா ‘உப்பு’ என்று எழுதும்போது ஒரு புள்ளியை விட்டுவிட்டால், அதை வைத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார். நான் தோழிக்கு எழுதிய பிறந்தநாள் வாழ்த்தில் இரண்டு ஒற்றுப் பிழைக்கு வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்த மனிதர் அவர். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவருடைய தொழிலில் ஒரு சட்டம் உண்டு. திருத்திய புரூஃப் வந்ததும் பழைய புரூஃபைக் கிழித்துவிட வேண்டும். இது அவர் அடிபட்டுக் கற்ற சட்டம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழைய புரூஃப் ஒன்று புதியதோடு கலந்து போய், பள்ளிப் புத்தகம் மூவாயிரம் பிரதியில் ஒரு நதி கடலிலிருந்து மலைக்கு ஓடியது. அன்றிலிருந்து பழையது எதுவும் அவர் மேசையில் ஒரு மணி நேரம்கூட உயிரோடு இருக்காது. நாலாகக் கிழிப்பார். பின்பக்கம் வெறுமையாக இருந்தால் எறியமாட்டார். அந்தத் துண்டில்தான் எழுத்தாளருக்குச் சந்தேகம் கேட்டு எழுதுவார், “பக்கம் 12, இது ‘வலி’யா, ‘வழி’யா?” என்று. அதற்குச் சந்தேகச் சீட்டு என்று பெயர். கேள்வி தீர்ந்த சீட்டுகள் ஏதாவது அகராதிக்குள் அடையாளமாகக் கிடக்கும்.

இந்தச் சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவின் மேல் போட்டதுதான் அவர் செய்த தவறு. வேறு எந்தத் தொழில்காரனும் செய்திருக்க மாட்டான். தபால்காரர் வீட்டில் நடந்திருக்காது.

அச்சகம் வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களையும் அவர்களுடைய துணையையும் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும். ஒரு வாரத்தில் ஒட்டிய உறையில் அறிக்கை வரும். முதல் பக்கத்தில் இடது பக்கம் பெயர், வலது பக்கம் தேதி. கீழே மூன்று பத்தி: பரிசோதனை, உங்கள் அளவு, இயல்பு வரம்பு. அளவு வரம்புக்கு வெளியே போனால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருப்பார்கள்.

அப்பாவுக்கு இதைவிட வசதியான புரூஃப் வாழ்க்கையில் கிடைத்ததில்லை. மூலமும் பிரதியும் ஒரே வரியில் இருந்தன. சாப்பாட்டு மேசையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காருவார். இடது கை விரல் அளவில், வலது கை விரல் வரம்பில். ஒவ்வொரு வரியும் வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்த்து, அளவுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு டிக் போடுவார். முடிந்ததும் அடுக்களைப் பக்கம் திரும்பிச் சொல்வார்.

“வரம்புக்குள்ளதான் இருக்கு. பிழையில்ல.”

“நார்மலா?” என்பாள் அம்மா.

“நார்மல்.”

பிறகு போன வருட அறிக்கையை எடுத்து நாலாகக் கிழிப்பார். புதியது வந்துவிட்டதல்லவா.

ஒரே ஒரு வருடம் அவருடைய அறிக்கையில் நட்சத்திரம் வந்தது. யூரிக் அமிலம், வரம்பைவிடப் புள்ளி இரண்டு அதிகம். மனிதர் ஆடிப்போய்விட்டார். நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, என் தம்பி முறைக்காரனைக் கூப்பிட்டுக் காப்பீட்டுக் காகிதம் எங்கே இருக்கிறது என்று காட்டினார். மறுபடி எடுத்துப் பார்த்தபோது உள்ளே வந்திருந்தது. அந்த நட்சத்திரத்தை வைத்து அம்மாவும் நானும் ஒரு வருடம் அவரை ஓட்டினோம். நட்சத்திரம் வந்தால் ஓட வேண்டும், வராவிட்டால் உட்காரலாம் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த மருத்துவம்.

அம்மா பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்தில் வேலை செய்கிறாள். எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிப்ட் இல்லை. கொஞ்ச காலமாக அவள் இரண்டாம் மாடித் திருப்பத்தில் பையை வைத்துவிட்டு உட்கார ஆரம்பித்தாள். முதலில் ஒரு நிமிடம். அப்புறம் ஐந்து நிமிடம். அந்தப் படிக்கு நான் ‘அம்மா ஸ்டாப்’ என்று பெயர் வைத்தேன். இப்போது அதை எழுதும்போது என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது.

“ஏங்க, முடியலைங்க. மத்தியானம் ஆனா கை கால் எல்லாம் கழண்டு விழுற மாதிரி இருக்கு,” என்று ஒருநாள் சொன்னாள்.

“அதான் பார்த்தோமே. எல்லாம் நார்மல். வயசாகுதில்ல.”

“உங்களுக்கும்தான் ஆகுது.”

“நான் படியில உட்காருறதில்லையே.”

அம்மா சிரித்தாள். சிரித்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மாலை ஐந்து மணிக்கு அம்மா படுத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்த்தும் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய ரவிக்கைகளுக்கு அவளே வருடா வருடம் பக்கத் தையலை உள்ளே பிடித்துப் போட்டிருந்தாள் என்பது பிற்பாடு தெரிந்தது. தையல்காரி மெலிந்தால் யாருக்கும் தெரியாது. உடை எப்போதும் அளவாகவே இருக்கும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை அந்தத் திருப்பத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. கீழ்வீட்டு அக்கா பார்த்துத் தண்ணீர் தெளித்து, எனக்கு போன் செய்தார். நான் வேலை செய்யும் செருப்புக் கடையிலிருந்து ஓடினேன். அப்பாவும் வந்துவிட்டார். மூவருமாக அரசு மருத்துவமனைக்குப் போனோம். அப்பா உறையை மறக்காமல் கொண்டுவந்திருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் வந்த அறிக்கை, எல்லா வரியிலும் சிவப்பு டிக்.

டாக்டர் சின்ன வயசுக்காரி. சளி பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே படித்தாள். எனக்கு அவளைப் பிடிக்கவில்லை. கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தாள், வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், எடை எவ்வளவு குறைந்தது என்று கேட்டாள். அம்மா அப்போதுதான் ரவிக்கைக் கதையைச் சொன்னாள். புதிதாக ஒரு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, மதியம் அது வந்ததும் மறுபடி கூப்பிட்டாள்.

“ஹீமோகுளோபின் இந்த ரிப்போர்ட்ல இருக்குற அதேதான் காட்டுது, பன்னெண்டு புள்ளி ரெண்டு. இரும்புச் சத்தும் வரம்போட அடியில வந்து நிக்குது. உங்களுக்கு எப்பவுமே இவ்வளவுதானா?”

“நார்மல்தானே டாக்டர்?” என்றார் அப்பா. “பன்னெண்டுலேர்ந்து பதினஞ்சு வரைக்கும்னு போட்டிருக்காங்க.”

“நான் அத கேட்கலை. இவங்களுக்கு முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?”

அப்பா உறைக்குள் மறுபடி எட்டிப் பார்த்தார்.

“அந்த வரம்பு யாரோடதுன்னு நினைக்கிறீங்க? நல்லா இருக்குற நூறு பேர எடுத்தா, அதுல தொண்ணூத்தஞ்சு பேரோட அளவு அதுக்குள்ள அடங்கும். மீதி அஞ்சு பேருக்கு ஒரு நோயும் இல்லாமலே வெளிய போகும். அது கூட்டத்தோட அளவு. உங்க வீட்டுக்காரம்மா அளவு இல்ல. இவங்க பிறந்ததுலேர்ந்து பன்னெண்டுல இருந்தா எனக்குப் பெரிய கவலை இல்ல. பதினாலு, பதினஞ்சுல இருந்து இங்க இறங்கி வந்திருந்தா எங்கயோ இரத்தம் கசியுது. மாதவிடாய் நின்னு ஆறு வருஷம் ஆச்சுன்னு சொல்றாங்க. அப்ப குடல்ல பார்க்கணும்.”

“பாருங்க டாக்டர். இன்னைக்கே பாருங்க,” என்றேன்.

“கேமரா விட்டுப் பார்க்க வரிசை அஞ்சு மாசம். அவசரப் பட்டியல்ல போடணும்னா நான் காரணம் எழுதணும். எல்லாம் வரம்புக்குள்ளன்னு எழுதினா மேல திருப்பி அனுப்பிடுவாங்க, ரெண்டு தடவை எனக்கு நடந்திருக்கு. பட்டியல் செவ்வாய்க்கிழமை காலையில போகுது. அதுக்குள்ள பழைய ரிப்போர்ட்ட கொண்டு வாங்க. வருஷா வருஷம் எடுத்திருக்கீங்கல்ல?”

“எடுத்தோம்,” என்றார் அப்பா. நான்தான் சொன்னேன், கிழித்துவிட்டார் என்று. டாக்டர் மூக்கை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

பஸ்ஸில் வரும்போது எனக்குப் புரிந்தது. எங்கள் கடையில் ஐந்தாம் நம்பரும் இருக்கிறது, பத்தாம் நம்பரும் இருக்கிறது. இரண்டுமே நல்ல கால்தான். ஆனால் போன வருடம் பத்து வாங்கியவர் இந்த வருடம் வந்து ஏழு கேட்டால் நான் செருப்பை எடுக்கப் போகமாட்டேன், அவர் முகத்தைப் பார்ப்பேன். பன்னிரண்டு வருடம் செருப்பு விற்கிறேன், இது எனக்குத் தெரியாமல் போயிற்று. முன்சீட்டில் அம்மா ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை அப்பா விடுப்பு எடுத்துக்கொண்டு பழைய பரிசோதனைக் கூடத்துக்குப் போனார். போன நாலு வருடமும் அங்கேதான் எடுத்தது, இந்த வருடம்தான் அச்சகம் கூடத்தை மாற்றியிருந்தது. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கூடத்துக்காரர் எல்லாவற்றையும் மூடிவிட்டு மகனோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம். அச்சக மேலாளரிடம் கேட்டதற்கு, அறிக்கை ஊழியருடைய ரகசியம், நாங்கள் நகல் வைப்பதில்லை என்றார். நியாயமான பதில். அப்பா அந்த நியாயத்தைக் கேட்டுவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம், வாசல் காவலாளி சொன்னார்.

சனிக்கிழமை வீட்டைக் கவிழ்த்துப் போட்டோம். பரணில் என்னுடைய மூன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இருந்தது, உடைந்த குடைகள் மூன்று இருந்தன. அம்மாவின் இரத்தம் பற்றி ஒரு காகிதம் இல்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

“ஊர்ல இருக்குற கால்புள்ளி எல்லாம் கண்ணுக்குத் தெரியுது, கட்டின பொண்டாட்டி கரையுறது தெரியலையாப்பா?” என்று கத்திவிட்டேன்.

அம்மாதான் கட்டிலிலிருந்து சொன்னாள். “அவர ஏண்டி திட்டுற. நீயும்தான் ஸ்டாப்புன்னு பேர் வச்ச.”

அப்பா உடைந்த குடைகளை மறுபடி பரணில் வைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றார்.

“கிழிச்சேன்,” என்றார். “எறியலை.”

ஞாயிற்றுக்கிழமை காலை அச்சு ஃபோர்மேனை எழுப்பிச் சாவி வாங்கினோம். அவரும் கூட வந்தார், இருபது வருட சிநேகிதர். அப்பாவின் மேசைக்குப் பின்னால் ஒரு அலமாரி நிறைய அகராதிகள், இலக்கணப் புத்தகங்கள், திரும்பி வந்த கையெழுத்துப் பிரதிக் கட்டுகள். எல்லாவற்றிலும் சீட்டுகள். ஒவ்வொரு புத்தகமாக முதுகைப் பிடித்து உதறினோம். தரை முழுக்க வருடக்கணக்கான சந்தேகங்கள் விழுந்தன. ‘அருகாமை’ சரியா? ‘சுவற்றில்’ என்று எழுதலாமா? ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தோம். பெரும்பாலும் பழைய புரூஃப்தான். அறிக்கைத் துண்டு கிடைத்தாலும் கீழ்ப்பாதியாக இருந்தது, அல்லது வலது மூலையாக இருந்தது, வெறும் வரம்பு மட்டும். எங்களுக்கு வேண்டியது இடது மேல் மூலை. பத்தரை மணிக்கு அப்படி ஒன்று கிடைத்தது. அப்பாவுடைய பெயர். அவருடைய ஹீமோகுளோபின் பதினைந்து புள்ளி எட்டு. அவர் அதைக் கசக்கி எறிந்தார். அவர் காகிதத்தைக் கசக்கி நான் பார்த்ததே கிடையாது.

பன்னிரண்டு மணி வாக்கில் ஃபோர்மேன் தடித்த அகராதியின் ‘தே’ பக்கத்திலிருந்து ஒன்றை உருவினார். “இந்தாப்பா, இது தங்கச்சி பேரு,” என்றார்.

அம்மாவின் பெயர். கீழே ஹீமோகுளோபின், 14.6. வரம்பு இருந்த பக்கம் கிழிபட்டுப் போயிருந்தது. தேதியும் போயிருந்தது. அந்த எண்ணை நாங்கள் வரம்பு இல்லாமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. எண்ணுக்குப் பக்கத்தில் சிவப்பு டிக்.

அப்பா காகிதக் குவியலுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நான்தான் டிக் போட்டேன்,” என்றார். “ஒவ்வொரு வருஷமும் நான்தான் டிக் போட்டேன். அவ முடியலை முடியலைன்னா. நான் டிக் போட்டேன்.” ஃபோர்மேன் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் அழுதேன். அப்பா மேல் இருந்த கோபமும் போகவில்லை, அவரைப் பார்க்கவும் முடியவில்லை, இரண்டும் ஒன்றாக இருந்தன.

ஆனால் தேதி இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பத்து வருடத்துக்கு முந்தியது என்றால் அதற்கு மதிப்பே வேறு. ஃபோர்மேன்தான் சீட்டைத் திருப்பினார். பின்னால் அப்பாவின் கையெழுத்து: “பக்கம் 41, ‘தேனி’ அல்ல, ‘தேனீ’. சரிதானே?”

“பூச்சிகள் புத்தகம்,” என்றார். “ரெண்டாயிரம் பிரதி. நான்தான் ஓட்டினேன்.” அலமாரியின் மறுபக்கத்திலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைக் காட்டினார். அச்சிட்ட வருடம் மூன்று வருடத்துக்கு முந்தியது. அந்த வருட அறிக்கை வந்ததும் கிழிபட்டது அதற்கு முந்தைய வருட அறிக்கை. அப்படியானால் 14.6 நாலு வருடத்துக்கு முன். மாலை நாலு மணிக்குள் இன்னொன்றும் கிடைத்தது, தோட்டக்கலைப் புத்தகத்துக்கான சீட்டு, 13.5. அதை அதே முறையில் கணக்குப் போட்டால் இரண்டு வருடத்துக்கு முன். அதிலும் டிக்.

திங்கட்கிழமை டாக்டர் மேசையில் இரண்டு துண்டுகளையும், இரண்டு புத்தகங்களையும், இந்த வருட அறிக்கையையும் வரிசையாக வைத்தார் அப்பா. தேனீ விஷயத்தை அவர் முழுவதும் விளக்கிச் சொன்னார், பக்க எண் உட்பட. டாக்டர் சிரிக்கவில்லை. சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எழுதினாள், எழுதுவதை வாய்விட்டுச் சொன்னாள். “நாலு வருஷத்துல ரெண்டு புள்ளி நாலு இறங்கியிருக்கு. எடை குறைவு. அவசரம்.” சீட்டுகளை நகல் எடுத்துக்கொண்டு அசலைத் திருப்பித் தந்தாள். “இத கிழிச்சிடாதீங்க,” என்றாள். அன்றைக்கு எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

எட்டாம் நாள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குடலின் வலது பக்கத்தில் கட்டி. அதற்கு அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. வெட்டி எடுத்த மருத்துவர் வராந்தாவில் நின்றபடியே சொன்னார், கட்டியை முழுசாக எடுத்துவிட்டோம், ஆனால் பக்கத்து நெறிக்கட்டிகள் நாலில் பரவியிருக்கிறது, ஆறு மாதம் மருந்து ஏற்ற வேண்டும், உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை.

“ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா?” என்று அப்பா கேட்டார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் நகரவில்லை.

மருத்துவர் கையுறையைக் கழற்றினார். “வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்,” என்றார். பொய் சொல்லியிருக்கலாம் அந்த ஆள்.

அறுவை சிகிச்சையில் இரத்தம் நிறையப் போயிருந்தது. தினமும் காலையில் எடுத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் நர்ஸ் அறிக்கையைக் கட்டில் காலடியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா விழித்திருந்தாள், மூக்கில் குழாய் இருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அறிக்கையை எடுத்தார். ஹீமோகுளோபின், 9.1. பக்கத்தில் நட்சத்திரம். கீழேயும் நட்சத்திரம், அதற்குக் கீழேயும் நட்சத்திரம். அவர் வாழ்க்கையில் இவ்வளவு பிழையுள்ள பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார். கை தானாகவே சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவுக்குப் போனது, பாதியில் நின்றது.

“நார்மலா?” என்றாள் அம்மா. குரல் காற்றாகத்தான் வந்தது.

அப்பா பையைத் திறந்து நேற்றைய தாளையும் முந்தாநாள் தாளையும் எடுத்தார். ஒன்றைக்கூட அவர் கிழித்திருக்கவில்லை. மூன்றையும் போர்வை மேல் அவள் காலுக்குப் பக்கத்தில் வரிசையாக விரித்தார். விரல் வரம்புப் பத்திக்குப் போகவில்லை, தாளிலிருந்து தாளுக்குப் போயிற்று. 8.4, 8.7, 9.1.

“இல்லம்மா,” என்றார். “நார்மல் இல்ல. நேத்தைவிடக் கூடியிருக்கு.”

அம்மா மருந்து ஊசி குத்தியிருந்த கையை மெல்ல நீட்டி, தாள்களைக் காட்டினாள்.

“பத்திரமா வைங்க,” என்றாள். “நாளைக்கு வேணும்.”